முதுமையும் மலைமிதிவண்டியும்

உயிர்க்கு உடம்பு கருவியாய் வாய்த்தது. கருவியைப் பேணாதவன் தொழிலை இழப்பான். கருவியையே தொழிலெனக் கருதுவானும் தொழிலை இழப்பான். தச்சன் உளியைத் தீட்டுவது மரத்தைச் செதுக்குதற்பொருட்டேயன்றி, தீட்டிய உளியைக் கண்டு மகிழ்தற்பொருட்டன்று. தீட்டத் தீட்ட உளி தேயும். தேய்ந்த உளிக்கும் உரிய வேலை உண்டு. எவ்வேலைக்கு அஃது இனி ஆகாது, எவ்வேலைக்கு இன்னும் ஆகும் என்று அறிதல் தச்சன் கடமை. முதுமை எய்தினார் யாவரும் தம் உடம்பைக் குறித்து இவ்வாராய்ச்சி செய்தே தீரவேண்டும்.

இவ்வாராய்ச்சி பொதுவகையில் நிகழுங்கால் எளிதாய்த் தோன்றும். மூத்தார் ஓய்தல் வேண்டும் என்பர் ஒருசாரார். ஓய்ந்தால் மூப்பு விரைந்து வரும் என்பர் மற்றொருசாரார். கேட்குமளவில் இரண்டும் மெய்போலவே தோன்றும். ஆதலின் ஒரு தனிப்பொருளை எடுத்து அதன்கண் வைத்து ஆராய்தலே தக்கது. அமெரிக்க நாட்டிற் பிறந்து இன்று பல நாடுகளினும் பரவியிருக்கும் மலைமிதிவண்டி ஓட்டம் என்பது அத்தகைய பொருள்களுள் ஒன்று. இளமைதொட்டு மலைவழிகளில் மிதிவண்டி ஊர்ந்து பழகினார், அறுபதும் எழுபதும் கடந்தபின் அதனைத் தொடர்வதோ விடுவதோ என்னும் வினா, அவர்தம் வாழ்வில் மெய்யாகவே எழுந்து வருத்தும் வினாவாகும்.

மெய்ப்பொருள் ஆராயும் ஏட்டிற்கு இவ்விளையாட்டு எற்றுக்கு எனின், கூறுதும். பற்று எப்பொருளைப் பற்றினும் பற்றே. பொன்னைப் பற்றினான் நிலையும் புகழைப் பற்றினான் நிலையும் வேறல்ல. உடம்பின் வன்மையைப் பற்றினான் நிலையோ அவற்றினும் நுட்பமானது, என்னை? பொன்னும் புகழும் தன்னின் வேறென்று அறிதல் எளிது. வன்மை தன்னின் வேறென்று அறிதல் அரிது. அவ்வரிய இடத்தில் வைத்து ஆராய்வார்க்குப் பற்றின் இயல்பு நன்கு விளங்கும்.

இனி, இவ்விளையாட்டின் வரலாறு சிறிது அறியற்பாலது. கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகர்க்கு வடக்கே, மாரின் என்னும் பகுதி உளது. ஆங்குத் தமால்பாயிஸ் மலையும், அதனை அடுத்துப் பைன் மலையும் நிற்கின்றன. 1970-ஆம் ஆண்டுகளில் அப்பகுதி இளைஞர் சிலர், 1930, 1940-ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டுப் பின் பயனற்றன என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்த தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்தனர். அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோகிராம் எடையுள்ளன. ஏறுங்கால் அவற்றைத் தள்ளிக்கொண்டோ, சரக்கு மோட்டாரில் ஏற்றிக்கொண்டோ சென்று, இறங்குங்கால் ஊர்ந்து வந்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், பைன் மலையிலிருந்து இறங்கும் மண்வழி ஒன்றில், நேரம் கணித்து முதற்போட்டி நிகழ்ந்தது. அவ்வழி ஏறக்குறைய 2 மைல் நீளத்தில் 1,300 அடி தாழ்வது. அதனை 4 நிமிடம் 22 விநாடியிற் கடந்தவர் கேரி பிஷர் என்பவர்.

அவ்வழிக்கு வழங்கும் பெயர் ரீபேக் என்பது. மீண்டும் அடைத்தல் என்பது அதன் பொருள். அப்பழஞ்சைக்கிள்களில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பற்றும் பிரேக்கே இருந்தது. ஒருமுறை அச்சரிவில் இறங்கிய அளவிலேயே, உராய்வினால் எழுந்த வெப்பத்தில் சக்கரக்குடத்தின் உள்ளிருந்த மசகு முழுதும் எரிந்து புகையாய்ப் போகும். குடத்தைப் பிரித்துப் புதுமசகு அடைத்த பின்னரே மறுமுறை இறங்கலாகும். இக்காரணத்தால் அப்பெயர் வந்தது. பழைய வண்டியை மலையில் ஓட்டுவார், அதன் பிரேக்கை ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தனர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

வண்டிகளின் சட்டம் அவ்வதிர்ச்சி தாங்காது முறிந்தமையின், ஜோ பிரீஸ் என்பவர் 1977-ஆம் ஆண்டில், மலைக்கென்றே வலிய எஃகுக் குழாய்களாற் புதிய வண்டி ஒன்று செய்தார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டம் ஒரு போட்டியாகவும் சேர்க்கப்பட்டது. அந்நாளைய இளைஞர் இன்று முதியர். அப்போட்டிகளை நடத்திய சார்லி கெல்லி 1945-ஆம் ஆண்டிலும், பிஷர் 1950-ஆம் ஆண்டிலும், பிரீஸ் 1953-ஆம் ஆண்டிலும் பிறந்தோர். பிரீஸ் செய்த முதல் வண்டியோ, வாஷிங்டன் நகரிலுள்ள சுமித்சோனியன் பொருட்காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. முறியும் சட்டத்தை மாற்றிப் புதுச்சட்டம் செய்யலாயிற்று. தேயும் உடம்பை அவ்வாறு மாற்றல் ஆகாது. அவ்விளைஞரோடு பிறந்து வளர்ந்த இவ்விளையாட்டு, அவர்தம் தலைமுறையாரையே முதன்முதல் இவ்வினாவின்முன் நிறுத்தியது.

விடுதலே தக்கது என்பார் கூறுவன முதற்கண் கேட்கத்தக்கன. முப்பதாம் ஆண்டுக்குப் பின், மூச்சின்வழிக் கொள்ளும் உயிர்வளியை உடம்பு பயன்படுத்தும் ஆற்றல், ஏறக்குறையப் பத்தாண்டுக்கு நூற்றுக்குப் பத்தாகக் குறைந்து வரும் என்பர் உடலியலார். எலும்பின் செறிவு குறையும். காணும் கண்ணுக்கும் பிடிக்கும் கைக்கும் இடையே காலம் நீளும். அறுபது ஆண்டு நிரம்பியவர் கண்ணின் உள்ளே புகும் ஒளி, இருபது ஆண்டினர் கண்ணிற் புகுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. மலைவழியோ மரநிழலும் வெயிலும் மாறி மாறி வருவது. நிழலிற் கிடக்கும் வேரையும் கல்லையும் இளைஞன் காணும் முன்மையில் முதியவர் காணார். விழுந்தாலோ, இளைஞனுக்குச் சில கிழமைகளிற் கூடும் காறையெலும்பு முதியவர்க்கு நெடுநாட் கூடாது. இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் முன்போல நடத்தலே பலர்க்கு அரிதாகும். குருதி உறையாமைக்கு மருந்து உண்பார்க்குத் தலையில் விழும் சிற்றடியும் பேரிடராக முடியும். ஆதலின் விடுக என்பர்.

விடற்க என்பாரும் வலிமையற்ற காரணம் கூறுவாரல்லர். 2018-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், 55 முதல் 79 வரை ஆண்டு நிரம்பியவராய், நெடுந்தூரம் மிதிவண்டி ஊர்ந்து பழகிய 125 பேரை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களிடத்துத் தசையின் அளவும் வன்மையும் ஆண்டு மிகுந்தும் பெரிதுங் குறையாமலிருந்தன. நோயெதிர்க்கும் ஆற்றலின் சில கூறுகள் இளைஞரிடத்துப் போலவே இருந்தன. 1990-ஆம் ஆண்டில் துராங்கோ நகரில் மலைமிதிவண்டியின் முதல் உலகப்போட்டியில் வென்ற நெட் ஓவரெண்டு என்பவர், 2015-ஆம் ஆண்டில் தமது 59-ஆம் வயதில், பனிமேல் ஓடும் தடித்த டயர் வண்டிக்கு அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் தேசியப் போட்டியிலும் வென்றார். பிரெஞ்சு நாட்டு இராபர்ட் மர்ச்சந்து என்பவர் 2014-ஆம் ஆண்டில் தமது 102-ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஊர்ந்தார். இவற்றைக் காட்டி, ஓயாமையே மருந்து. ஆதலின் விடற்க என்பர்.

இவ்விரு கூற்றையும் நடுவுநிலையில் நின்று ஆராயின், இரண்டும் ஒரே பிழையுடையன என்பது புலனாகும். அஃதாவது, இரண்டும் ஆண்டின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டன. முன்னையார் அவ்வெண்ணைக் கண்டு அஞ்சினர். பின்னையார் அதனை வெல்ல விரும்பினர். அஞ்சினவர்க்கும் வெல்ல விரும்பினவர்க்கும் நோக்கம் எண்ணின்மேலதே. அறுபது என்னும் எண் ஒருவர் முழங்காலை அறியாது. அவர் கண்ணையும் அறியாது. மேலும், மர்ச்சந்து ஊர்ந்தது மேற்கூரையுடைய வட்டப் பாதையில். ஆங்குக் கல்லும் வேரும் சரிவும் இல. மூச்சின் ஆற்றலுக்கு அவர் சான்றாவாரேயன்றி, சரிவில் இறங்குதற்குச் சான்றாகார். அவரே 2017-ஆம் ஆண்டில் தமது 105-ஆம் வயதில் அதே ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டரே ஊர்ந்தார். குறைவு வந்தது, குறைந்தமை பற்றி அவர் வாளா இருந்துவிடவில்லை, குறைந்த அளவையே ஊர்ந்து மகிழ்ந்தார். அவரிடத்துக் கற்கத்தக்கது இதுவே.

அற்றேல் அளவுகோல் யாது எனின், மூன்றனை ஆராய்தல் வேண்டும். ஒன்று உடம்பு, மற்றொன்று பிறர், மூன்றாவது உள்ளம்.

உடம்பினை ஆராயுங்கால் ஏறுதலையும் இறங்குதலையும் ஒன்றாகக் கருதல் ஆகாது. ஏறுதல் மூச்சையும் தசையையும் வேண்டுவது, மெல்ல நிகழ்வது, தவறினால் கால் ஊன்றி நிற்கலாம். இறங்குதல் கண்ணையும் கையையும் துணிவையும் வேண்டுவது; விரைந்து நிகழ்வது; தவறினால் நிற்றற்கு இடமில்லை. மூப்பு இவ்விரண்டையும் ஒரே அளவாகக் குறைப்பதன்று. பழகினார்க்கு மூச்சு நெடுநாள் நிற்கும். கண்ணும் கையின் விரைவும் முந்திக் குறையும். ஆதலின் மலையேறும் ஆற்றல் உண்டு என்பதுகொண்டு மலையிறங்கும் ஆற்றலும் உண்டு என்று துணிவது பிழை. அன்றியும், வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பது இயற்கை நூலார் துணிபு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தவர், விழுந்தாற் படும் அடியின் ஆற்றலில் முக்காற்பங்கைக் குறைத்தவராவர். மலையை விடாமலே இடரின் பெரும்பகுதியை விடலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்து மின்னாற்றல் துணைசெய்யும் மலைமிதிவண்டிகளைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறவேண்டும். அவை முதியவர்க்கு உற்ற துணை என்று பலர் கொண்டாடுவர். முழங்கால் நோவாமலும் நெஞ்சு வருந்தாமலும் ஏறச்செய்தலின் அக்கூற்று ஒருபுடை உண்மையே. ஆயினும் ஒன்று மறக்கற்பாலதன்று. முற்காலத்தில் மலையுச்சியை அடையத் தன் மூச்சே வழியாயிருந்தது. உச்சியை அடைய மாட்டாதவர்க்கு இறங்கும் இடரும் இல்லையாயிற்று. மின்வண்டி அவ்வேலியை எடுத்துவிட்டது. ஏறமாட்டாதவரையும் ஏற்றி, தாம் ஈட்டாத உயரத்தில் நிறுத்தி, அவ்வண்டிகளுட் பல பழஞ்சைக்கிள்களைப் போலவே 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையன ஆதலின், அவ்வெடையோடு இறங்குக என்று விடுகிறது. ஆகவே மின்வண்டி கொள்வார், ஏறுதற்கு அதன் துணையைக் கொள்க. இறங்குதற்கோ தம் அறிவின் துணையை முன்னினும் மிகுதியாகக் கொள்க.

இரண்டாவது, பிறரை ஆராய்தல். என் உடம்பு, என் எலும்பு; முறிந்தால் எனக்கே நோவு என்பார் உளர். இக்கூற்று இளமையிலும் முழுவுண்மையன்று. முதுமையில் சிறிதும் உண்மையன்று. அறுபத்தெட்டு ஆண்டு நிரம்பிய ஒருவர் மலைவழியில் தனித்துச் சென்று விழுந்தார் எனக் கொள்க. அவரைத் தேடிச் செல்வார் அந்நள்ளிரவில் மலையேறும் அயலார். அவரைத் தூக்கி வருவாரும் அவ்வழுக்குப் பாதையிலேயே நடப்பர். இடுப்பு முறிந்து படுக்கையிற் கிடக்கும் திங்கள்களில், தாமும் முதுமையால் தளர்ந்த மனைவியே அவரைத் திருப்பிக் கிடத்துவார். மகள் தன் வேலையை விட்டு வந்து இருப்பாள். உடம்பு ஒருவருடையதாயினும் அதன் நோய் பலருடையது. ஆதலின் முதியவர் மலைக்குப் புறப்படுமுன், தம் உடம்பைக் கேட்டால் மட்டும் போதாது. தம்மைச் சுமக்கப் போவாரையும் கேட்டல் வேண்டும்.

இது பற்றி, இல்லத்தார் அஞ்சுகின்றனர் என்ற அளவிலேயே விட்டுவிடுதல் அறம் என்று கொள்ளற்க. அச்சத்திற்கு எல்லையில்லை. மலைக்குச் செல்லற்க என்பார் பின் தெருவிற் செல்லற்க என்பர்; அதன்பின் திண்ணையினின்றும் இறங்கற்க என்பர். அன்பினாற் பிறந்த அச்சமும் முதியவரை உயிரோடு சிறைவைத்தல் கூடும். வேண்டுவது, இரு திறத்தாரும் அமர்ந்து வெளிப்படப் பேசுதல். எவ்வழி, எவ்வேளை, யாரோடு, எப்பொழுது திரும்புவது என்பன முன்னரே தெரிந்திருப்பின் அச்சத்திற் பாதி நீங்கும். தந்தை எதனை விட்டார் என்று அறிந்த மக்கள், அவர் எதனைத் தொடர்கிறார் என்பதிற் பெரிதும் கலங்கார்.

மூன்றாவதாகிய உள்ளமே எல்லாவற்றிற்கும் வேர். உயிரானது தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னருகில் வைத்த நிறத்தைக் கொள்வது இதற்கு உவமை. நாற்பது ஆண்டு மலைமிதிவண்டி ஊர்ந்தவர், தாம் ஒரு செயலைச் செய்பவர் என்னும் நிலையினின்று மாறி, அச்செயலே தாம் என்னும் நிலையை அறியாமலே எய்துவர். அந்நிலையில், விடுவதோ தொடர்வதோ என்னும் வினா, இருப்பதோ இறப்பதோ என்னும் வினாவாகவே அவர்க்குத் தோன்றும். எலும்பு முறியும் என்ற சொல் அவர் செவியில் ஏறாது. நீ இனி நீயல்லை என்ற சொல்லே ஏறும். அவர் பிடிவாதம் கண்டு சினப்பார், அப்பிடிவாதத்தின் உள்ளிருக்கும் இவ்வச்சத்தைக் காண்பாரல்லர்.

இதற்கு மறுதலையாய், அஞ்சி விட்டவரும் பற்று விட்டவராகார். வண்டியை விற்றுவிட்டு, மலையைக் காணுந்தோறும் பெருமூச்செறிந்து, இளைஞர் ஊர்வது கண்டு வெகுண்டு, பழைய வெற்றிகளையே பேசிக்கொண்டிருப்பவர், சைக்கிளைவிட்டு இறங்கினாரேயன்றி, அதன்மேற் கொண்ட பற்றைவிட்டு இறங்கினாரல்லர். செயலை விடுதல் வேறு. செயல்மேற் கொண்ட யான் என்னும் முனைப்பை விடுதல் வேறு. முனைப்பு நீங்கியவர் தொடரினும் குற்றமில்லை, விடினும் குறைவில்லை. முனைப்பு நீங்காதவர் தொடரின் உடம்புக்கு இடர். விடின் உள்ளத்துக்கு இடர்.

மலையேற்றத்தில் நிகழ்ந்த இரண்டு வரலாறுகள் இதனை விளக்கும். நேப்பாள நாட்டு மின் பகதூர் செர்ச்சான் என்பவர் 2008-ஆம் ஆண்டில் தமது 76-ஆம் வயதில் எவரெஸ்டு முடியை அடைந்தார். அதுகாறும் அத்துணை மூப்பில் அதனை அடைந்தார் பிறரில்லை. 2013-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய யூயிச்சிரோ மியூரா தமது 80-ஆம் வயதில் அம்முடியை அடைந்து அப்பெயரைத் தமதாக்கினார். அதனை மீட்டற்பொருட்டு 2017-ஆம் ஆண்டில் தமது 85-ஆம் வயதில் மீண்டும் சென்ற செர்ச்சான், மலையடிப் பாசறையிலேயே உயிர்நீத்தார். அவர் பெருவீரர், அவரை இகழ்தற்கு எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் ஏட்டில் எழுதப்படும் ஓர் எண், எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த ஒருவரையும் ஈர்க்கவல்லது என்பது அறிந்து அஞ்சத்தக்கது.

மியூரா என்பவரோ, 2019-ஆம் ஆண்டில் தமது 86-ஆம் வயதில், தென்னமெரிக்காவிலுள்ள அக்கோன்காகுவா என்னும் மலைமேற் சென்றார். ஏறக்குறைய 6,000 மீட்டர் உயரத்தில், உடன்சென்ற மருத்துவர் அவர் நெஞ்சின் நிலை கருதி மேலே செல்லற்க என்று தடுத்தார். முடியோ இன்னும் ஏறக்குறைய 1,000 மீட்டரே. மியூரா திரும்பினார். அவர் மகன் கோட்டா மேலே சென்று முடியை அடைந்தார். பின்னர் நோயுற்று நடை தளர்ந்த அவர், 2023-ஆம் ஆண்டில் தமது 90-ஆம் வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, பலர் இழுத்துத் தாங்கிச் செல்ல, புஜி மலையின் உச்சியை அடைந்தார். ஒருகாலத்து எவரெஸ்டின் பனிச்சரிவில் தனித்துச் சறுக்கி இறங்கியவர், பிறர் கைகளில் தம்மை ஒப்புவித்து ஏறுதற்கு நாணவில்லை. மலையை விடவில்லை, தாமே ஏறினேன் என்னும் முனைப்பை விட்டார். இவ்வரலாற்றைக் காண்பார்க்கு, விடுதலும் தொடர்தலும் ஒன்றற்கொன்று மாறல்ல என்பது விளங்கும்.

திருநாவுக்கரசு நாயனார் தளர்ந்த மூப்பிற் கயிலைக்குச் சென்ற வரலாற்றைக் காட்டி, பெரியோர் உடம்பு தேயினும் திரும்பினாரல்லர்; ஆதலின் தொடர்தலே வீரம் என்று ஒருவர் கூறுதல் கூடும். அவ்வரலாற்றை விளையாட்டோடு ஒப்புவைத்தல் தகாது. ஆயினும் ஈண்டுத் தடை எழுந்தமையின் விடை கூறவேண்டும். கால் தேய்ந்தும், கை தேய்ந்தும், மார்பினால் நகர்ந்தும், புரண்டும் சென்ற நாயனார், முனிவர் வடிவில் வந்து தடுத்த பொழுதும் திரும்பவில்லை என்பது மெய்யே. ஆனால் அவர் தேடியது மலையை அன்று. மலைமேல் எழுந்தருளிய பெருமானை. ஆதலினாலேயே, பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிற் காண்க என்று அருளிப்பாடு வந்தபொழுது, மலைமேலேயே காண்பேன் என்று அவர் வழக்காடவில்லை. மூழ்கினார்; ஐயாற்றில் எழுந்தார்; கயிலைக் காட்சி ஆங்கே வாய்த்தது. மலையைப் பற்றியிருந்தாராயின் ஐயாற்றை ஏற்றிருப்பாரோ? தேடும் பொருள் எது என்று தெளிந்தவர்க்கு, அப்பொருள் எவ்விடத்துக் கிடைப்பினும் உவப்பேயாம்.

மலைமிதிவண்டி ஊர்வாரும் தாம் மலையில் தேடுவது யாது என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். காலைக் காற்றும், மரச்செறிவும், நண்பர் கூட்டமும், வியர்த்த உடம்பின் நலமும், ஊர்ந்துகொண்டிருக்குங்கால் உலகக் கவலை மறந்திருக்கும் அமைதியும் என்பாராயின், அவை யாவும் அகன்ற, சரிவு குறைந்த வழியிலும் கிடைப்பன. அவற்றின்பொருட்டு எலும்பைப் பணயம் வைத்தல் வேண்டா. இளைஞனை முந்தும் களிப்பு என்பாராயின், அது நாள்தோறும் குறைந்து வரும் முதல். அதனைக்கொண்டு வாணிகம் செய்வார் முடிவில் இழப்பேயடைவர்.

இதனாற் பெறப்படும் முறை யாதெனின், ஒருங்கே விடுதலும் அன்று, ஒருங்கே பற்றுதலும் அன்று, படிப்படியாக விடுதலே. முதற்கண் போட்டியை விடுக. அதன்பின் அறியாத வழியையும், மழையால் வழுக்கும் வழியையும் விடுக. அதன்பின் தாவுதலையும் பெருஞ்சரிவையும் விடுக. தனித்துச் செல்லுதலைக் காலத்தோடு விடுக. மலை ஆகாதபொழுது சமநிலத்து மண்வழி உண்டு; அதுவும் ஆகாதபொழுது நடை உண்டு. மிதிவண்டி ஊர்தலால் மூச்சு வளருமேயன்றி எலும்பு பெரிதும் வலுவுறாது. ஆதலின் நடையையும், அளவாகச் சுமை தூக்குதலையும் மலையேறும் நாளிலேயே உடன்பழகி வைத்தல் நன்று. ஒவ்வொரு படியிலும் இறங்குமுன், ரீபேக் வழியில் அவ்விளைஞர் சக்கரக்குடத்தைப் பிரித்துப் பார்த்தவாறே, தம் கண்ணையும் கையையும் எலும்பையும் உள்ளத்தையும் திறந்து பார்த்துக்கொள்க. நேற்று இறங்கினேன் என்பது இன்றைக்குச் சான்றன்று. நேற்றிருந்த மசகு நேற்றே எரிந்துபோயிற்று.

இவ்வாறு படிப்படியாக விடுவார்க்கு வேறொரு பயனும் உண்டு. முடிவில் எல்லாவற்றையும் ஒருங்கே விடும் நாள் ஒன்று யாவர்க்கும் வரும். அந்நாளுக்கு முன்னர்ச் சிறிதும் விட்டுப் பழகாதவர் அன்று பெரிதும் துன்புறுவர். தமக்கு மிக இனிய ஒன்றை, எவரும் பறியாமல், வெறுப்பின்றித் தாமே சிறிது சிறிதாக விட்டுப் பழகினவர் அன்று கலங்கார். ஆதலின் இம்மிதிவண்டி முதியவர்க்கு இளமையிற் கற்பித்த பாடத்தினும் முதுமையிற் கற்பிக்கும் பாடமே பெரிது.

சரிவின் தலைப்பில் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். கீழே வழி செங்குத்தாய் வளைந்து செல்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் கண்ணிமைக்கும் அளவில் அவர் இறங்கிய வழியே அது. பின்வரும் இளைஞர் காண்கின்றனர் என்பதை அவர் அறிவார். அவர் இறங்கி, வண்டியைக் கையாற் பிடித்து, நடந்து செல்கிறார். வழி சமனானவிடத்து மீண்டும் ஏறி ஊர்ந்து போகிறார். அவ்வாறு நாணாமல் இறங்கவும், சோராமல் மீண்டும் ஏறவும் வல்லவர் எத்துணை ஆண்டு நிரம்பியவராயினும் தொடரலாம். இறங்கி நடக்க நாணுவார் எத்துணை இளையராயினும் விடுதலே நன்று.

திருச்சிற்றம்பலம்.